சிம்பிடியம் ஆர்க்கிட்: திறந்தவெளியில் வளர்த்துப் பூக்க வைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சிம்பிடியம் வளர்ப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே குறையில்தான் வந்து நிற்கும். இலைகள் வாள் வாளாக நீண்டு வளைந்து நிற்கின்றன, இலைகளின் அடியில் தடித்துத் திரளும் குமிழ்கள் தொட்டி பிதுங்கும் அளவுக்குப் பெருகிவிட்டன, ஆனால் மூன்று ஆண்டுகளாக ஒரு பூக்கூட இல்லை என்பார்கள். இரவில் செடியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டால், குளிர் தாங்காது என்பதால் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுகிறோம் என்று பதில் வரும். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். மூன்றாம் ஆண்டு வேறு வேலைகளுக்கு நடுவே தொட்டிகளை உள்ளே எடுத்துவைக்க முடியாமல் போயிற்று. கோடையின் கடைசி வாரங்களிலும் அதற்குப் பிந்திய குளிர் இரவுகளிலும் அவை வெளியிலேயே கிடந்தன. அந்த ஆண்டுதான் முதல் பூந்தண்டைப் பார்த்தேன். சிம்பிடியத்துக்குக் கோடையில் வயிறு நிறையச் சாப்பாடும், கோடை முடியும்போது குளிர்ந்த இரவுகளும் வேண்டும். இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டில் ஒன்றைச் செடிக்குக் கொடுப்பதற்கானதே.

செடியின் பிறந்த இடம்

ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1799-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பூவின் உதட்டிதழ் குழிந்து படகு போல இருப்பதால் அப்படி அமைந்தது. இமயமலைச் சாரலிலிருந்து மியான்மர், சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை இந்த இனங்கள் பரவியிருக்கின்றன. நாம் தோட்டத்தில் வளர்க்கும் பெரிய பூக்கள் கொண்ட கலப்பினங்களின் முன்னோர்களான லோவியானம், இன்சிக்னே, எபர்னியம், டிரேசியானம், ஹூக்கரியானம் முதலியவை பெரும்பாலும் மலைவாசிகள். அந்த மலைகளில் கோடை என்றால் பருவமழை. மாதக்கணக்கில் ஈரமும் மிதமான வெப்பமும் இருக்கும். மழை ஓய்ந்ததும் வானம் தெளிந்து பகலில் நல்ல வெளிச்சம் அடிக்கும், இரவில் குளிர் இறங்கும், காற்றும் வறளும். செடியின் உடலில் ஊறிப்போன நாட்காட்டி இதுதான். நாம் அதற்கு ஏற்ப நடந்துகொண்டால் போதும்.

முதல் சிம்பிடியக் கலப்பினம் 1889-இல் இங்கிலாந்தின் வீட்ச் நாற்றுப்பண்ணையில் பூத்தது. எபர்னியத்தையும் லோவியானத்தையும் சேர்த்து உருவாக்கியது. அதனோடு இன்சிக்னேயைச் சேர்த்துப் பிறந்த அலெக்ஸாண்டரி என்ற கலப்பினம் 1911-இல் பதிவானது. அதில் 'வெஸ்டன்பர்ட்' என்ற ஒரு செடிக்கு வழக்கமான குரோமோசோம் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அகன்ற இதழும் உருண்டை வடிவமும் கொண்ட இன்றைய பெரிய பூக்களில் பலவற்றின் வம்சாவளியில் அந்த ஒரு செடியின் பெயரைக் காணலாம்.

உங்கள் இடம் ஏற்றதா?

மிதமான காலநிலை என்று சொல்லும்போது நான் கருதுவது இதுதான்: கோடைப் பகல் பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், கோடையின் பிற்பகுதியிலிருந்து இரவு வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், குளிர்காலத்தில் உறைபனி அரிதாகத்தான் விழ வேண்டும். பகலில் சில நாட்கள் 35 டிகிரியைத் தொட்டாலும் இரவு குளிர்ந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். இரவும் பகலும் ஒரே புழுக்கமாக இருக்கும் சமவெளிகளில் பெரிய பூ ரகங்கள் இலையாக வளருமே தவிரப் பூக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் பணத்தையும் பொறுமையையும் வீணாக்காமல், என்சிஃபோலியம் என்ற வெப்பம் தாங்கும் மணமுள்ள இனத்தையோ, அதன் வழிவந்த கோல்டன் எல்ஃப் போன்ற கலப்பினங்களையோ, தடித்த இலையும் தொங்கும் பூச்சரமும் கொண்ட அலோயிஃபோலியத்தையோ வளர்ப்பது நல்லது. இடம் குறைவாக உள்ளவர்கள் ஃப்ளோரிபண்டம், டெவோனியானம் போன்ற சிற்றினங்களின் வழிவந்த குட்டை ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய ரகம் ஒன்று முதிர்ந்தால் ஒரு மீட்டர் அகலத்துக்கு இலை விரித்து நிற்கும்.

செடி வாங்கும்போது, முடிந்தால் பூத்திருக்கும் பருவத்தில் நேரில் பார்த்து வாங்குங்கள். பூவின் நிறத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை குமிழ்கள் கெட்டியாக உள்ளனவா, இலையில் கறுத்த அமுங்கிய திட்டுகளோ வெளிறிய கோடுகளோ இல்லையா என்பவைதான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்டின் முதல் வேலை: மாற்றி நடுதல்

சிம்பிடியத்தின் ஆண்டு பூ உதிர்ந்த நாளில் தொடங்குகிறது. பூத்து முடிந்த உடனே, வசந்தத்தில் புதுத் தளிர் தலைகாட்டும் வேளையில்தான் மாற்றி நட வேண்டும். அப்போதுதான் புது வேர்கள் கிளம்பிப் புதுக் கலவைக்குள் ஓடும். கோடை நடுவில் மாற்றினால் குமிழ் திரளும் காலம் பறிபோகும், குளிர்காலத்தில் மாற்றினால் வெட்டுப்பட்ட வேர் ஈரத்தில் அழுகும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதுமானது. குமிழ்கள் தொட்டியின் விளிம்பை முட்டுவதும், தொட்டியில் நிரப்பியிருக்கும் மரப்பட்டை மண்ணைப் போல நொறுங்கிப்போவதும் அதற்கான அறிகுறிகள்.

தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டினால் வேர்க்கட்டு முழுதாகக் கழன்று வரும். வராவிட்டால் நீண்ட கத்தியைத் தொட்டியின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஓட்டுங்கள்; அதற்கும் அசையாவிட்டால் பிளாஸ்டிக் தொட்டியை வெட்டிவிடுவதே மேல், செடியை இழுத்துப் பிய்க்கக் கூடாது. வெளியே வந்த கட்டு தொட்டியின் வடிவத்திலேயே, பின்னிய கூடை போல இருக்கும். உயிருள்ள வேர் வெள்ளையாக, விரல் நுனியில் அழுத்தினால் கெட்டியாக, ஏறக்குறைய பென்சில் பருமனில் இருக்கும். செத்த வேர் பழுப்பாகிக் கூடு போல வெறுமையாக இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் மேலுறை உறை கழல்வது போலக் கையோடு வந்துவிட, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அவற்றையெல்லாம் நீக்கிவிடுங்கள். நல்ல வேர்கள் சில முறிந்தாலும் கவலை வேண்டாம். முறிந்த இடத்துக்கு மேலிருந்து அவை கிளைக்கும்.

இப்போது குமிழ்களைப் பாருங்கள். ஒரு குமிழ் பெரும்பாலும் ஒருமுறைதான் பூக்கும். அடுத்த ஆண்டின் பூ அதன் அடியிலிருந்து கிளைத்துத் திரளும் புதுக் குமிழிலிருந்து வரும். பழைய குமிழ் இலையை உதிர்த்த பிறகும் வெறும் கட்டையல்ல. நீரையும் உணவையும் சேர்த்து வைத்துப் புதிய குமிழுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அதனால் பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் இலையுள்ள குமிழ்கள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். இரண்டாகவும் ஒன்றாகவும் பிய்த்துப் பல தொட்டிகளாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பூவை மறந்துவிட வேண்டியதுதான். பிரிக்கக் கட்டாயம் இல்லையென்றால் பிரிக்காமல் பெரிய தொட்டிக்கு மாற்றுவதே என் விருப்பம். பெரிய தூரில் நான்கைந்து பூந்தண்டுகள் ஒரே சமயத்தில் நிற்கும் அழகு தனி.

குமிழ்களை இணைக்கும் கிழங்குத் தண்டைக் கத்தியால் வெட்ட வேண்டும். அந்தக் கத்தியை ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போவதற்கு முன் தீச்சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது. வெட்டு வாயில் கந்தகத் தூள் தடவலாம். தொட்டியின் அளவு, வளரும் பக்கத்தில் குமிழுக்கும் விளிம்புக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு ஆண்டு வளர்ச்சிக்கான இடம் விடும்படி இருந்தால் போதும். பழைய குமிழ்கள் உள்ள பக்கத்தை விளிம்போடு ஒட்டி வையுங்கள். அளவுக்கு மீறிய பெரிய தொட்டியில் வேர் எட்டாத கலவை ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும்.

கலவையைப் பற்றி வளர்ப்பவர்கள் ஆளுக்கொரு செய்முறை வைத்திருப்பார்கள். காற்றும் ஈரமும் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை மீறாத வரை எல்லாமே சரிதான். நான் பயன்படுத்துவது 6 முதல் 12 மில்லிமீட்டர் அளவுள்ள பைன் மரப்பட்டை ஆறு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகள் இரண்டு பங்கு. தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்துக் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். மரப்பட்டையையும் முதல் நாளே நனைத்து வைப்பது நல்லது, உலர்ந்த பட்டை நீரை ஏற்காமல் வழியவிடும். கலவையின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 6.5 வரை இருப்பது ஏற்றது. தோட்ட மண்ணை ஒரு பிடிகூடச் சேர்க்காதீர்கள்.

குமிழின் அடிப்பகுதி மட்டும் கலவையில் பதியும்படி வைத்து, வேர்களுக்கிடையே துண்டுகள் இறங்கும்படி தொட்டியைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். குமிழைக் கழுத்துவரை புதைத்தால் புதுத் தளிர் அழுகும். நட்டபின் செடி ஆடக் கூடாது. ஆடினால் புது வேரின் நுனி உரசிப் பட்டுப்போகும். முதல் வாரம் நிழலில் வைத்து இலைமேல் லேசாக நீர் தெளித்தால் போதும், அதன் பிறகு வழக்கமான நீரூட்டலுக்குத் திரும்பலாம்.

வெளிச்சம்

ஆர்க்கிட் என்றால் நிழல் என்ற எண்ணத்தை இந்தச் செடி விஷயத்தில் விட்டுவிட வேண்டும். காலை வெயில் நேரடியாக விழுந்து, உச்சி வெயில் மட்டும் வடிகட்டி வரும் இடம்தான் சரி. கிழக்குப் பார்த்த சுவரோரம், இலை அடர்த்தி குறைந்த மரத்தடி, அல்லது 30 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் வலையின் கீழ் வைக்கலாம். கோடையின் உச்சத்தில் ஒரு வலையைக் கூட்டுவதும் குளிர்காலத்தில் குறைப்பதும் நல்ல பழக்கம்.

அளவுமானி எதுவும் தேவையில்லை, இலையே சொல்லிவிடும். கரும்பச்சையாகப் பளபளவென்று, நீண்டு தொய்ந்து நிற்கும் இலை பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் அந்தச் செடி வெளிச்சத்துக்கு ஏங்குகிறது, பூக்காது. சற்று மஞ்சள் கலந்த வெளிர்பச்சை நிறமும் நிமிர்ந்த நிலையும்தான் பூக்கப்போகும் செடியின் இலை. நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள்; கைக்குச் சூடாக இருந்தால் வெயில் அதிகம் அல்லது காற்றோட்டம் போதவில்லை. வெயிலில் வெந்த இடம் முதலில் வெளுத்துப் பின் கறுத்துக் காய்ந்துவிடும், அது திரும்பப் பச்சையாகாது. நிழலில் இருந்த செடியை வெளிச்சத்துக்கு மாற்றும்போது இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மாற்ற வேண்டியது இதனால்தான்.

தொட்டியைத் தரையில் வைக்காமல், கம்பிப் பலகை போட்ட மேடைமேல் வையுங்கள். அடியில் காற்று ஓடும், அதிக நீர் வழிந்துவிடும், நத்தைக்கும் மண்புழுவுக்கும் வழி அடைபடும். தொட்டிகளுக்கிடையே ஓர் இலை மற்றோர் இலையை மறைக்காத இடைவெளி இருக்க வேண்டும்.

நீரும் உணவும்

வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை கலவை ஒருபோதும் முழுதாக உலரக் கூடாது. காற்றையும் வெயிலையும் பொறுத்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கடும் வெயிலில் நாள்தோறும் நீர் ஊற்ற நேரலாம். விரலைக் கலவைக்குள் விட்டுப் பார்ப்பதைவிடத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நம்பகமானது. நீர் ஊற்றிய உடனும் இரண்டு நாள் கழித்தும் தூக்கிப் பழகினால் எடையே கணக்குச் சொல்லும். ஊற்றும்போது அடித்துளை வழியே நன்றாக வழியும்வரை, காலை வேளையில் ஊற்றுங்கள்; தளிரின் நடுக்குருத்தில் நீர் தேங்கி இரவைக் கழிக்கக் கூடாது. குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ போதும். ஆனாலும் முழு வறட்சி வேண்டாம், பூந்தண்டு வளரும் காலம் அதுதான்.

சிம்பிடியம் உப்பைத் தாங்காது. இலை நுனி கறுத்துக் காய்வது பெரும்பாலும் இதன் அடையாளம். மழைநீர் மிகச் சிறந்தது. கிணற்று நீரோ குழாய் நீரோ பயன்படுத்தினால், கரைந்த உப்பு லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது நல்லது. அது எப்படியிருந்தாலும் மாதம் ஒருமுறை உரம் கலவாத நீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவி விடுங்கள்.

மற்ற ஆர்க்கிட்களோடு ஒப்பிட்டால் இது நன்றாக உண்ணும் செடி. மரப்பட்டை மட்கும்போது தழைச்சத்தை (நைட்ரஜனை) தானே எடுத்துக்கொள்வதால் செடிக்கு மிஞ்சுவதும் குறைவு. தளிர் கிளம்பியதிலிருந்து கோடையின் நடுப்பகுதி வரை தழைச்சத்து மிகுந்த உரத்தை, லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். யூரியாவை நம்பியுள்ள உரத்தைவிட நைட்ரேட், அம்மோனியம் வடிவில் தழைச்சத்துள்ள உரம் மரப்பட்டைக் கலவையில் விரைவாகப் பயன்படும். மழைநீரை மட்டுமே ஊற்றுபவர்கள் கால்சியமும் மெக்னீசியமும் தனியாகச் சேர்க்க வேண்டும். கோடையின் பிற்பகுதியில் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்துக்கு மாறுவது வழக்கம். மணிச்சத்தை (பாஸ்பரஸை) அள்ளிக் கொட்டினால்தான் பூக்கும் என்று சொல்லப்படுவதை நான் நம்புவதில்லை. கோடை முடிவதற்குள் குமிழ் முழுதாகத் திரண்டுவிட வேண்டும், அதுவே உரத்தின் வேலை. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை, பாதி அளவு போதும்.

குளிர்ந்த இரவுகள்

இனி இந்த வழிகாட்டியின் மையத்துக்கு வருகிறோம். கோடையின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர்காலம் வரை, அதாவது வடகோளத்தில் ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும் தென்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், இரவு வெப்பநிலை 10 முதல் 14 டிகிரிக்கு இறங்குவதும், பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி அளவுக்கு வேறுபாடு இருப்பதும் தேவை. திரண்டு முடிந்த குமிழின் அடியில் உறங்கும் மொட்டுகள் இந்த மாற்றத்தை உணர்ந்து பூந்தண்டாக மாறுகின்றன. ஓரிரு இரவு குளிர்ந்தால் போதாது, வாரக்கணக்கில் தொடர வேண்டும். இந்த வாரங்களில் பகல் வெளிச்சத்தையும் குறைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது: செடியை வெளியிலேயே விட்டுவிடுங்கள். பகல் முழுதும் வெயில் குடித்து இரவெல்லாம் சூட்டைக் கக்கும் சுவரையும், காற்று புகாத மூடிய முற்றத்தையும் தவிர்த்து, வானம் தெரியும் திறந்த இடத்தில் வையுங்கள். குறைந்த, உயர்ந்த வெப்பநிலைகளைப் பதிந்து காட்டும் வெப்பமானி ஒன்றைச் செடியின் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். வீட்டின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இரவில் இரண்டு மூன்று டிகிரி வேறுபடுவதுண்டு. நான்கு அடி தள்ளி வைத்ததால் பூத்த செடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர் எவ்வளவு தாங்கும் என்று அஞ்சுபவர்களுக்கு: பெரிய பூ ரகங்களின் இலை சில மணி நேரம் பூஜ்யம் டிகிரி வரை இறங்கினாலும் தாங்கும். பூந்தண்டும் மொட்டும் அத்தனை உறுதியானவை அல்ல. இரண்டு டிகிரிக்குக் கீழே போகும் என்று தெரிந்த இரவில் கூரையடிக்கு நகர்த்துங்கள் அல்லது மெல்லிய துணியால் போர்த்துங்கள், விடிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள்.

பூந்தண்டைக் கண்டதும்

குமிழின் அடியிலிருந்து ஒரு முளை கிளம்பும். அது தளிரா, பூவா என்று முதல் சில வாரங்கள் ஐயமாக இருக்கும். தளிர் தட்டையாக இருக்கும், சீக்கிரமே நுனி பிளந்து விசிறி போல இலை விரியும். பூந்தண்டு உருண்டையாக, கூரிய முனையோடு, பசும் உறைகள் இறுகச் சுற்றிய பென்சில் போல இருக்கும். குமிழிலிருந்து சற்றுச் சாய்ந்து வெளிநோக்கி வரும். இதை உறுதிசெய்துகொண்டதும் அதன் பக்கத்தில் ஒரு குச்சியை, வேரைக் குத்தாமல் மெல்லத் திருகி இறக்கி நடுங்கள். தண்டு ஒரு சாண் வளர்ந்ததும் தளர்வான முடிச்சால் கட்டத் தொடங்கி, வளர வளர மேலே கட்டிக்கொண்டு போங்கள். தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும் காலை வேளையில் வளைத்தால் பட்டென்று முறியும். மாலையில் சற்று நெகிழ்ந்திருக்கும்போது கட்டுங்கள். இந்தக் கட்டத்திலிருந்து தொட்டியைத் திருப்பாதீர்கள். மொட்டுகள் வெளிச்சத்தை நோக்கித் தங்களை அமைத்துக்கொள்ளும். திருப்பினால் பூக்கள் ஆளுக்கொரு திசையாகப் பார்க்கும்.

இந்தச் சமயத்தில் பெரிய எதிரி நத்தையும் ஓடில்லா நத்தையும்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். பகலில் தொட்டியின் அடித்துளைக்குள் ஒளிந்திருந்தது இப்போது தண்டின் மேல் வெள்ளிக்கோடு இழுத்தபடி ஏறிக்கொண்டிருக்கும். ஒரு மொட்டில் அது கடுகளவு ஓட்டை போட்டாலும், பூ விரியும்போது மூன்று இதழிலும் அந்த ஓட்டை வரிசையாகத் தெரியும், ஏனென்றால் இதழ்கள் மொட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருந்தன. கையால் பொறுக்குவதோடு, தண்டின் அடியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றி வைப்பதும் தடுக்கும். மழையில் நனைந்தால் மாற்ற வேண்டும். மொட்டில் அசுவினி மொய்த்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும்.

மொட்டு மஞ்சளாகி உதிர்வதற்குப் பெரும்பாலும் திடீர் மாற்றமே காரணம். குளிரில் வளர்ந்த தண்டைச் சூடான அறைக்குள் கொண்டுபோவது, வேர் உலர்ந்துபோவது, பழுக்கும் பழங்களின் அருகே வைப்பது ஆகிய மூன்றையும் தவிருங்கள். பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டையும் பூவையும் முதிர வைக்கும். தண்டில் பெரும்பாலான பூக்கள் விரிந்த பிறகே வீட்டுக்குள் எடுக்க வேண்டும். பச்சை, மஞ்சள் ரகங்களை மொட்டு விரியும்போது சற்று நிழலில் வைத்தால் நிறம் தெளிவாக இருக்கும். மழைத்துளி இதழில் தேங்கினால் பூஞ்சைப் புள்ளிகள் விழும் என்பதால் பூத்த செடிக்கு ஒளி புகும் கூரை தேவை.

விரிந்த பூ ஆறு முதல் பத்து வாரம் வரை நிற்கும். நடுவில் ஒரு பூவின் உதட்டிதழ் மட்டும் திடீரென்று சிவந்து, இரண்டு மூன்று நாளில் வாடுவதைக் காண்பீர்கள். அருகில் சென்று பாருங்கள்: பூவின் நடுத்தூணின் நுனியில் வெள்ளைப் பொட்டுப் போலிருக்கும் மகரந்த மூடி காணாமல் போயிருக்கும். தேனீ அதைத் தட்டி மகரந்தத்தை எடுத்துச் சென்றுவிட்டது, தன் வேலை முடிந்ததென்று பூ மூடத் தொடங்குகிறது. பூ நீடிக்க வேண்டுமானால் தேனீ நுழையாத வலைக்குள் வைக்கலாம்.

நோயும் பூச்சியும்

செஞ்சிலந்தி இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டி வெள்ளி பூசியது போலாக்கிவிடும். வறண்ட வெயில் நாட்களில் இலையடியில் நீர் தெளிப்பது அதைக் கட்டுக்குள் வைக்கும். செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் இலையுறையின் இடுக்கில் ஒளியும், காய்ந்த உறைகளை உரித்துவிட்டு மென்சோப்புக் கரைசலாலோ தோட்ட எண்ணெயாலோ துடைக்க வேண்டும். தளிர் அடியில் கறுத்துக் கையோடு கழன்று வந்தால் அழுகல் நோய். நல்ல சதை தெரியும்வரை வெட்டி, அந்தத் தொட்டியைச் சில நாள் உலரவிடுங்கள்.

வைரஸ் இவற்றைப் போன்றதல்ல, அதற்கு மருந்தே இல்லை. சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸும் அதிகம் காணப்படுபவை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெளிறிய கட்டங்களும் கோடுகளும், முதிர்ந்த இலையில் அமுங்கிய கறுப்புத் திட்டுகளும் தெரியும். இவை முதன்மையாக வெட்டும் கருவி வழியாகவே பரவுகின்றன. செடி வாங்கும்போது இலையைப் பாருங்கள் என்றும் கத்தியைக் காய்ச்சுங்கள் என்றும் முன்னால் சொன்னது இதற்காகத்தான். நோயுற்ற செடி எத்தனை அருமையானதானாலும் அகற்றிவிடுங்கள். பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் மோரெல், வைரஸ் தாக்கிய சிம்பிடியத்தின் வளர்நுனித் திசுவைச் சோதனைக்குழாயில் வளர்த்து நோயற்ற செடிகளை உருவாக்கி 1960-இல் அறிவித்தார். ஆர்க்கிட்கள் ஆயிரக்கணக்கில் பெருகி விலை குறைந்ததற்கு அந்த வேலைதான் தொடக்கம். வீட்டில் அதைச் செய்ய இயலாது என்பதால் தடுப்பதே நமக்கு உள்ள வழி.

பூ முடிந்ததும்

கடைசிப் பூ வாடும்வரை காத்திருக்க வேண்டாம். செடி இளையதாகவோ மெலிந்தோ இருந்தால், எல்லாப் பூவும் விரிந்து மூன்று நான்கு வாரம் ஆனதும் தண்டை அடியில் வெட்டி நீரில் வையுங்கள். குளிர்ந்த அறையில் இன்னும் பல வாரம் நிற்கும், செடியும் தன் வலிமையைத் தளிருக்குத் திருப்பும்.

மாற்றி நடும்போது ஒதுக்கிய இலையற்ற பழைய குமிழ்களையும் எறிந்துவிடாதீர்கள். கெட்டியாகவும் பச்சையாகவும் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, செத்த வேரையும் காய்ந்த உறையையும் நீக்கி, ஈரமான மரப்பட்டையில் கால்பங்கு மட்டும் புதைத்து நிழலில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயரும் தேதியும் எழுதிய அட்டை செருக மறக்காதீர்கள். எல்லாக் குமிழும் ஒன்றுபோலவே இருக்கும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குமிழின் பக்கவாட்டில் ஒரு பச்சை முனை எழும், அதன் அடியில் வேர் ஓடும். அதன் பிறகு சிறிய தொட்டிக்கு மாற்றி, பெரிய செடிக்குச் சொன்னதையெல்லாம் அதற்கும் செய்துவாருங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அதுவும் தன் முதல் தண்டை நீட்டும்.